தனிமையும் ஆயுளும்

அண்மையில் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிட்டபோது, நூல் வழங்கு பதிவேட்டில் ஓர் அங்கத்தினரின் பெயருக்கு எதிரே இரண்டு மாதங்களாகத் ‘தறி ஓடவில்லை’ என்று எழுதப்பட்டிருக்கக் கண்டேன். காரணம் யாதென வினவினேன். மனைவியை இழந்து தனியே வசிக்கும் முதியவர் என்பதற்கு மேல் அங்கிருந்த எவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவரிடமிருந்து வரவேண்டிய நிலுவை மட்டும் பைசா சுத்தமாகத் தெரிந்திருந்தது.

தனிமை மனத்திற்குத் துன்பம் தரும் என்பதை யாவரும் அறிவர். அது உயிருக்கே ஊறு செய்வதை ஆராய்ச்சியாளர்கள் அளந்தும் காட்டியிருக்கின்றனர்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து அலமீடா வட்டாரத்தில் 1965-ஆம் ஆண்டு சுமார் 6,900 பேரிடம் அவர்களுடைய உறவுகளைப் பற்றி விசாரித்தனர். மணவாழ்வு, உற்றார் நண்பரோடு பழக்கம், கோயில் தொடர்பு, சங்கங்களில் அங்கம் ஆகிய நான்கும் கணக்கில் கொள்ளப்பட்டன. பிறகு ஒன்பது ஆண்டுகளில் இறந்தவர்களைக் கணக்கெடுத்தனர். பெர்க்மன், சைம் என்னும் இருவர் 1979-இல் வெளியிட்ட முடிவு இது: உறவு மிகுந்தோரை நோக்க, உறவு மிகக் குறைந்த ஆண்கள் 2.3 மடங்கும் பெண்கள் 2.8 மடங்கும் இறந்திருந்தனர். நோயாளி தாமே ஒதுங்கியிருப்பார், அதனால் இக்கணக்கு வந்தது என்று வாதிடலாம். நியாயமான ஐயமே. ஆயினும் தொடக்கத்திலிருந்த உடல்நிலை, வருமானம், புகை, குடி ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தும் வேற்றுமை நீங்கவில்லை. 2010-இல் 148 ஆய்வுகளை ஒருங்கே திரட்டி நோக்கியபோதும் முடிவு அப்பக்கமே சாய்ந்தது.

எவ்வாறு கொல்கிறது? தொடர்ந்த மனக்கவலை இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது என்பர். அதனினும் எளிய காரணங்கள் உண்டு. மாத்திரையை நினைவூட்ட ஆள் இல்லை. நள்ளிரவில் மார்பு வலித்தால் வண்டி அழைக்க ஆள் இல்லை.

1995 ஜூலையில் சிகாகோ நகரில் கடும் வெப்பம் வீசியது. வழக்கத்திற்கு மேல் எழுநூறுக்கும் அதிகமானோர் மாண்டனர். தனியே வாழ்ந்த முதியோர் பலர். அந்நகரில் வடக்கு லான்டேல், தெற்கு லான்டேல் என அடுத்தடுத்து இரு பகுதிகள். தனித்து வாழும் ஏழை முதியோர் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவினர். சாவோ வடக்கே இலட்சத்திற்கு 40, தெற்கே 4. தெற்கில் கடைவீதி நெரிசலாக இருந்தது. கிழவர்கள் அஞ்சாமல் வெளியே நடமாடினர். வடக்கில் கடைகள் மூடி, மனைகள் பாழாகி, முதியோர் கதவைத் தாழிட்டுக் கிடந்தனர். கிளினன்பர்க் என்ற சமூகவியலார் கூறும் காரணம் இது. இது ஒன்றே காரணம் என்று சாதிக்க வேண்டுவதில்லை; புறக்கணிக்கவும் இயலாது.

நம் சங்கங்களில் கூலி நாளன்று அனைவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். இன்று கூலி நேரே வங்கிக் கணக்கில் சேர்கிறது. முறைகேட்டைத் தடுக்கும் நல்ல ஏற்பாடு. அதனை வற்புறுத்தியவர்களில் நானும் ஒருவன். ஆனால் திண்ணைப் பேச்சு அத்துடன் போயிற்று. ஆகவே நூல் பதிவேட்டிலும், விவசாயச் சங்கமாயின் உரப் பதிவேட்டிலும், ‘நேரில் பார்த்து வந்தவர், தேதி’ என்றொரு கட்டம் வரைந்துகொள்ளுமாறு வேண்டுகிறேன். விதிகளில் இதற்கு இடமில்லை, தடையும் இல்லை.

மறுநாள் இயக்குநர் ஒருவர் அம்முதியவரின் இல்லம் சென்றார். கால் வீங்கி எழமாட்டாமல் கிடந்தவரை அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தனர். பாவு பாதி நெய்தபடியே தறியில் இருந்ததாம்.