பைல் கப்: மண்ணுக்குள் மறையும் பாரந்தாங்கி

காணியை விட்டு வந்த நம் குடும்பங்களிலிருந்து பலர் இன்று பாலங்களிலும் மாடிக் கட்டடங்களிலும் கூலிக்கு நிற்கின்றனர். மண்வெட்டி பிடித்த கைகள் கம்பி கட்டுகின்றன. செய்யும் வேலையின் காரணம் தெரிந்தால் வேலையும் திருந்தும், ஆபத்தும் குறையும். ஆகவே இம்முறை 'பைல் கப்' பற்றிப் பார்ப்போம்.

சேற்று நிலத்தில் மேல்மண் பெரும் பாரத்தைத் தாங்காது. அங்கே ஆழத்திலுள்ள உறுதியான படைவரை கொங்கிறீற் முளைகளை இறக்குவர். இவையே பைல்கள். ஒரு தூணின் பாரத்துக்கு ஒரு பைல் போதாதபோது பலவற்றை இறக்க வேண்டும். அவற்றின் தலைகளைச் சேர்த்து, தூணின் பாரத்தைப் பகிர்ந்து கொடுக்க வார்க்கப்படும் தடித்த கொங்கிறீற் கட்டியே பைல் கப்.

தூணில் 90 தொன் பாரம் எனக் கொள்வோம். கீழே முக்கோணமாக 3 பைல்கள். தூண் சரி நடுவில் நின்றால் ஒவ்வொன்றுக்கும் 30 தொன். தூண் விலகினால் ஒரு பைலுக்குப் பாரம் கூடிவிடும்.

இந்தப் பாரம் கப்பினுள் சாய்வாக இறங்கிப் பைல்களுக்குப் போகிறது. நம் வீட்டுக் கூரையை நினையுங்கள். கைமரங்கள் சுவரை வெளியே தள்ளும்; குறுக்குமரம் இழுத்துப் பிடிக்கும். கப்பின் அடிக்கம்பிகள் செய்வதும் அதுவே. அவற்றைக் குறைப்பது குறுக்குமரத்தைக் கழற்றுவதற்குச் சமம்.

வேலையில் நிற்போர் கவனிக்க வேண்டியவை:

1. துளையிட்டு வார்த்த பைலின் தலையில் சேறு கலந்த கொங்கிறீற் நிற்கும். நல்ல கொங்கிறீற் தெரியும்வரை அதை உடைத்து அகற்ற வேண்டும்.

2. பைலிலிருந்து நீட்டி நிற்கும் கம்பிகளை இடைஞ்சல் என்று வெட்டக்கூடாது. பைலையும் கப்பையும் பிணைப்பவை அவையே.

3. கம்பி மண்ணில் முட்டினால் துருப்பிடிக்கும். அடியில் மெல்லிய கொங்கிறீற் தளம் இட்டு, சிறு சீமெந்துக் கட்டைகளின் மேல் கம்பியைக் கட்ட வேண்டும்.

4. குழியில் தேங்கிய நீரை இறைத்த பின்பே கொங்கிறீற் போட வேண்டும்.

5. குழியின் ஓரத்தில் மண்ணைக் குவிக்கக்கூடாது. கரைக்கு முட்டுக் கொடுக்காத ஆழக் குழியில் இறங்கவும் கூடாது.

பைல் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும். பக்கத் தள்ளலுக்கு எளிதில் முறியும். 2009இல் சீனாவின் ஷங்காய் நகரில் ஒரு பக்கம் குழி வெட்டி, மறுபக்கம் சுமார் 10 மீற்றர் உயரத்துக்கு மண் குவித்தார்கள். பைல்கள் முறிந்து 13 மாடிக் கட்டடம் சாய்ந்தது. தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார்.

உறுதியான மண்ணில் கட்டும் மாடியில்லாத வீட்டுக்குப் பைல் தேவையில்லை. கருங்கல் அத்திவாரமே போதும். ஆனாலும் அந்த அத்திவாரத்தின் அருகே ஆழக் குழி வெட்டுவது அங்கும் ஆபத்தே. காணி திரும்பக் கிடைத்து வீடு கட்டும் நாளில் இதையும் மனதில் வைத்திருப்போம்.