காருக்குள் கைத்துப்பாக்கி: சட்டம் சொல்வது என்ன?

புது தில்லி: அவசரத்துக்குக் காரில் ஒரு துப்பாக்கி இருந்தால் என்ன? புணேயின் விமான் நகர் போன்ற தகவல் தொழில்நுட்பப் பகுதிகளில் இரவுப் பணி முடித்துத் திரும்புவோருக்கு இக்கேள்வி எழுவது இயல்பே. அருகிலுள்ள கராடியில் 2009 அக்டோபரில் வீடு திரும்பக் காத்திருந்த பெண் பொறியாளர், வாடகைக் கார் ஓட்டுநர் உள்ளிட்டோரால் கடத்திக் கொல்லப்பட்டார். மூவருக்கு புணே நீதிமன்றம் 2017-ல் மரண தண்டனை விதித்தது.

பெண்களின் தற்காப்புக்கென 'நிர்பீக்' ரிவால்வரை கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014-ல் அறிமுகப்படுத்தியது. எடை சுமார் 500 கிராம். அப்போதைய விலையோ ஏறத்தாழ ரூ.1.22 லட்சம்.

பணம் இருந்தால் மட்டும் போதாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் தேவை. உரிமமின்றி வைத்திருந்தால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2 முதல் 5 ஆண்டுகள் வரை சிறை. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையிலிட்டு மறைக்கப்பட்டு, உரிமதாரரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்கின்றன 2016-ஆம் ஆண்டு விதிகள். ஆளில்லாத காரில் விட்டுச் செல்வதை இதற்குள் அடக்க இயலாது.

கராடியில் காத்திருந்தவரிடம் காரே இல்லை. அவரைப் போன்றோருக்குத் தேவை, வெளிச்சமான சாலையும், பின்னணி சரிபார்க்கப்பட்ட ஓட்டுநரும், போலீஸ் ரோந்துமே. அவற்றை உறுதி செய்வது அரசின் கடமை.