போனுக்குள்ளும் துணைக்குப் போவோம்

2021ஆம் ஆண்டு நடுப்பகுதி. கொரோனாவால் பாடசாலைகள் மூடிக் கிடந்தன. ஊவாவின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டு வழியே மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து ஒரு பாறை உச்சிக்குப் போனார்கள். லுணுகலைப் பக்கத்துப் பிள்ளைகள் மலைமேல் ஒரு மரத்தில், ஏறத்தாழ முப்பது அடி உயரத்தில் இருந்த பரணில் ஏறியிருந்து பாடம் இறக்கிக்கொண்டார்கள். உலகச் செய்தி நிறுவனங்கள் வரை போன படங்கள் அவை. யானையும் சிறுத்தையும் நடமாடும் காடு என்பதால் பெரியவர்கள் பிள்ளைகளைத் தனியே விடவில்லை, கூடவே நடந்தார்கள்.

காட்டுக்குள் அத்தனை கவனமாகத் துணைக்குப் போன பெற்றோருக்கு, சிக்னல் கிடைத்த பிறகு போனுக்குள் பிள்ளை எங்கெல்லாம் போகலாம், யாரெல்லாம் பிள்ளையைத் தேடி வரலாம் என்று எவரும் சொல்லித் தரவில்லை. பாடசாலைகள் திறந்தன, போன் பிள்ளைகள் கையிலேயே தங்கிவிட்டது. கடன் பட்டாவது ஒரு போன் வாங்குங்கள் என்ற நிலைக்குக் குடும்பங்களைத் தள்ளியது இணையவழிக் கல்விதான். ஆகவே அந்தப் போனைப் பத்திரமாகக் கையாளக் கற்றுக்கொடுப்பதும் கல்வித்துறையின் கடமை. அதை ஆரம்பப் பிரிவிலேயே, பிள்ளையின் சொந்தத் தமிழிலேயே தொடங்க வேண்டும்.

வீட்டுக்கு ஒரு போன்

பசறை, மடுல்சீமை, தெமோதரை, ஹாலிஎல, கொஸ்லந்தை என்று எந்தப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனாலும் இப்படியான வீடுகளைக் காணலாம். காலையில் பெரட்டுக்குப் போகும் அம்மா, கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பப் பின்னேரமாகிவிடும். அப்பா கொழும்பில் கடையிலோ கட்டட வேலையிலோ இருப்பார். சில வீடுகளில் அம்மாவே மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டு வேலைக்குப் போயிருப்பார். பிள்ளைகள் பாட்டியின் பொறுப்பில் வளர்வார்கள். அம்மாவின் முகத்தைப் பார்க்க அந்தப் பிள்ளைக்கு இருக்கும் ஒரே வழி அந்தப் போன். அதைப் பறித்து வைப்பது தீர்வாகாது.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்து எடுக்கும் கணினி எழுத்தறிவுக் கணிப்பில் தோட்டத்துறைதான் கடைசியில் நிற்கிறது. லயத்தில் போனை நன்றாகக் கையாளத் தெரிந்தவர் பல வேளைகளில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையாகவே இருக்கிறார். பெரியவர்கள் பிள்ளையிடம் கேட்டுத்தான் அழைப்பே எடுக்கிறார்கள். காவல் காக்க வேண்டியவருக்குக் கதவு எங்கே இருக்கிறது என்றே தெரியாத நிலைமை இது.

பேஸ்புக், டிக்டொக் இரண்டும் பதின்மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இல்லை என்பது அந்த நிறுவனங்களின் விதி. அவுஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேலே போய், 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை 2025 டிசம்பர் 10 முதல் தடுத்திருக்கிறது. நமது லயத்துப் பிள்ளையை இந்த விதிகள் எட்டுவதேயில்லை. சிம் அப்பாவின் பெயரில், கணக்கு அம்மாவின் பெயரில். எதிரே இருப்பவர் நாற்பது வயதுக்காரர் என்று நினைத்தே அந்தச் செயலி காணொளிகளையும் விளம்பரங்களையும் கொண்டுவந்து கொட்டுகிறது. பிள்ளைகளுக்கென்று வைத்த காப்புகள் எதுவும் அங்கே வேலை செய்வதில்லை.

ஆபத்து வரும் வழிகள்

வகுப்பு வட்ஸ்அப் குழுவையே எடுத்துக்கொள்வோம். வழமையான ஒரு குழுவில் ஒருவருடைய இலக்கம் மற்ற எல்லோருக்கும் தெரியும். புலமைப்பரிசில் பரீட்சைக்கு மாதிரி வினாத்தாள் தருவதாகத் தொடங்கும் பெரிய குழுக்களின் இணைப்பு கைமாறிக் கைமாறிப் போகிறது. உள்ளே வருபவர் ஆசிரியரா, பெற்றோரா, வேறு யாருமா என்று பார்ப்பதற்கு ஆள் இல்லை. அங்கிருந்து ஒரு பிள்ளையின் வீட்டு இலக்கத்தை எடுத்து இரவில் "ஹாய்" என்று அனுப்புவது மிகச் சுலபம்.

அடுத்தது விளையாட்டு. ப்ரீ பயர் என்ற போன் விளையாட்டில் இலவசமாக டயமண்ட் தருகிறேன், போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணை மட்டும் சொல் என்று ஒருவன் கேட்பான். பிள்ளைக்கு அது வெறும் எண். உண்மையில் அந்த எண்ணைக் கொண்டே அப்பாவின் வட்ஸ்அப் கணக்கை இன்னொரு போனில் திறந்துவிடலாம். பிறகு அவர் பெயரில் சொந்தக்காரர்களிடம் அவசரக் கடன் கேட்கும் செய்தி போகும்.

எல்லாவற்றிலும் கொடியது, அன்பாகப் பேசிப் படம் கேட்பது. முதலில் சாதாரணப் படம், பிறகு வேறு மாதிரிப் படம், அதன் பிறகு மிரட்டல். "அம்மாவிடம் சொல்லாதே" என்பதுதான் இந்தக் கயவர்களின் முதல் பாடம்.

நாமே திறந்துவிடும் வழி ஒன்றும் இருக்கிறது. தோட்டப் பாடசாலைக்குக் கொப்பியும் புத்தகப் பையும் கொண்டுவருகிற நல்ல மனிதர்கள் பலர், பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படமெடுத்து, பாடசாலைப் பெயரோடு பேஸ்புக்கில் போடுகிறார்கள். பிள்ளையின் முகம், வகுப்பு, ஊர், குடும்பத்தின் வறுமை எல்லாம் ஒரே பதிவில் ஊருக்குத் தெரிந்துவிடுகின்றன. உதவி பெறுவதற்காக ஒரு பிள்ளை தன் முகத்தை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை. பெற்றோரின் சம்மதம் இல்லாமல் முகம் தெரியும் படம் வேண்டாம் என்று அதிபர்கள் வாசலிலேயே சொல்லிவிடலாம்.

கணினி இல்லாமலே கற்பிக்கலாம்

பாதுகாப்புக் கல்விக்குக் கணினி அறை கட்டும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆரம்பப் பிரிவின் தாய்மொழிப் பாடத்திலும் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளிலும் இதற்கு இடமிருக்கிறது. முதலிரு தரங்களில் உடல் பாதுகாப்பைச் சொல்லும்போதே, தொடக்கூடாத இடத்தைப் படமெடுக்கவும் கூடாது என்று சேர்த்துச் சொல்லலாம். மூன்றாம் தரத்தில் பெயர், பாடசாலை, வீடு, போன் இலக்கம் ஆகியவற்றை யாருக்குச் சொல்லலாம், யாருக்குச் சொல்லக் கூடாது என்பதை நாடகமாக நடிக்க வைக்கலாம். நான்காம் தரத்தில், அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று எவராவது சொன்னால் அதை முதலில் அம்மாவிடமே சொல்லப் பழக்கலாம். ஐந்தாம் தரத்தில் கடவுச்சொல், இரகசிய எண், பரிசு விழுந்ததாக வரும் பொய்ச் செய்தி ஆகியவற்றைப் பிரித்தறியக் கற்றுக்கொடுக்கலாம்.

இதை நடத்த ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும். மலையக ஆசிரியர்களை உருவாக்கும் பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரியில் இது பயிற்சியின் ஒரு பகுதியாகட்டும். பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. கணினி படிக்கும் தமிழ் மாணவர்கள் அயல் தோட்டப் பாடசாலைகளுக்கு வந்து ஆசிரியர்களுக்குத் தோள் கொடுக்கலாம். ஊவா மாகாணக் கல்வித் திணைக்களம் இவர்களை ஒன்றுசேர்த்தால் போதும்.

அம்மாவுக்கும் ஒரு வகுப்பு

கேரளத்தில் அரசின் கைட் நிறுவனம் 2022 மே மாதத்தில் 'அம்ம அறியான்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. மூன்று லட்சம் தாய்மாருக்கு இணையப் பாதுகாப்புக் கற்பிப்பது இலக்கு. உயர்நிலைப் பள்ளிகளின் லிட்டில் கைட்ஸ் கழக மாணவர்கள் வழியாகவே அந்த வகுப்புகள் நடந்தன. பிள்ளைகள் கற்பிக்க, தாய்மார் கற்றார்கள்.

இதை நமது தோட்டங்களுக்குக் கொண்டுவரலாம். சம்பள நாளிலும் பெற்றோர் கூட்ட நாளிலும், பிள்ளைக் காம்பராவிலும் அரை மணி நேரம் போதும். அறியாதவர் குழுவில் சேர்க்க முடியாதபடி வட்ஸ்அப்பை மாற்றுவது, இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்குவது, தொல்லை தருபவரைத் தடுப்பது ஆகிய மூன்றையும் கையில் போனை வைத்தே செய்து காட்ட வேண்டும். பேச்சும் மேடையும் வேண்டாம். ஒவ்வொரு தாயும் தன் போனில் செய்து முடித்துவிட்டு எழுந்திருக்க வேண்டும்.

சொன்னால் அடி விழாத வீடு

பிள்ளை மறைப்பதற்குக் காரணம் பயம். சொன்னால் அடி விழும், போன் போய்விடும், பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். மிரட்டுகிறவன் பிழைப்பதே இந்தப் பயத்தை நம்பித்தான். "நீ சொன்னது நல்லது" என்ற ஒரு வார்த்தை அவனுடைய ஆயுதத்தைப் பறித்துவிடும்.

அதன் பிறகு முறைப்பாடு. 1998இன் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். பொலிஸின் சிறுவர், மகளிர் பணியகத்துக்கு 109. பிள்ளையின் ஆபாசப் படத்தை எடுப்பது மட்டுமின்றி வைத்திருப்பதும் பரப்புவதும் தண்டனைச் சட்டக் கோவையின் 286அ பிரிவின்படி குற்றம். ஆகவே ஆதாரம் என்று நினைத்து அந்தப் படத்தை ஊரில் எவருக்கும் அனுப்பக் கூடாது. அழிக்காமல், போனோடு பொலிஸுக்குக் கொண்டுபோக வேண்டும்.

அங்கே தமிழில் வாக்குமூலம் கொடுக்க முடியாவிட்டால் இந்த இலக்கங்களால் பயனில்லை. 1987இன் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. ஊவாவின் பொலிஸ் நிலையங்களில், குறிப்பாகச் சிறுவர் பிரிவுகளில், தமிழ் தெரிந்த பெண் அதிகாரி இருப்பது இந்தப் பிள்ளைகளுக்குக் காட்டும் சலுகை இல்லை; அவர்களுடைய உரிமை. தொழிற்சங்கங்களும் மலையக மக்கள் பிரதிநிதிகளும் சம்பளத்துக்குக் குரல் கொடுப்பது போலவே இதற்கும் குரல் கொடுக்க வேண்டும்.

கல்வித் திணைக்களம் பாடத்தை வகுக்கட்டும், பாடசாலை கற்பிக்கட்டும், தோட்டம் தாய்மாருக்கு நேரம் கொடுக்கட்டும், பொலிஸ் தமிழில் கேட்கட்டும். இவற்றில் எதற்கும் பெரிய நிதி தேவையில்லை. அடுத்த தவணைக்குள் தொடங்கிவிடக்கூடிய வேலைகள் இவை, தொடங்க வேண்டும்.