பில்லின் அடியிலுள்ள வரி காப்பாற்றுமா?

சுவாமிமலைக் கடைத்தெருவில் நம்மில் சிலர் பில்லின் அடியில் "விற்ற சரக்கு வாபஸ் இல்லை" என்று அச்சடித்து வைத்திருக்கிறோம். அந்த வரி நம் பொறுப்பை நீக்கிவிடாது.

2020 ஜூலை முதல் அமலிலுள்ள 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவுப்படி, குறையுள்ள சரக்கைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிகம். பில்லில் கெடு குறிக்காவிட்டால் 30 நாள். பில் தராததும் இதில் அடக்கம். மனம் மாறித் திருப்பும் நல்ல சரக்குக்கு இந்தக் கட்டாயமில்லை.

சில்லறை வணிகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மறுவிற்பனைக்கு வாங்குபவர் இச்சட்டப்படி நுகர்வோர் அல்லர். வண்டு விழுந்த பருப்பு, சிக்கு வாடை எண்ணெய் ஆகியவற்றின் நஷ்டம் அவர் தலையிலேயே நிற்கும். ஆகவே எங்களைப் போன்ற மொத்த வியாபாரிகளிடம் சரக்கெடுக்கும்போதே, திருப்பும் கெடுவைப் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தருவது எங்கள் கடமை.