சுட்ட பணியாரமா, சுட்டப் பணியாரமா? குரூப் 4 தமிழில் ஒன்றரை மதிப்பெண் நழுவும் இடங்கள்!

காரைக்குடிப் பக்கத்தில் பணியாரத்தைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மாவின் பதமும் எண்ணெயின் சூடும் ஆச்சிமார் கைக்குத் தெரியும். ஆனால், அதே பணியாரத்தைக் கேள்வித்தாளில் வைத்து, ‘சுட்ட பணியாரம், சுட்டப் பணியாரம் - எது சரி?’ என்று கேட்டால், பட்டம் வாங்கிய பிள்ளைகளே பேனாவைக் கடிக்கிறார்கள். அந்த ஒரு ‘ப்’பின் விலை ஒன்றரை மதிப்பெண்.

டி.என்.பி.எஸ்.சி குரூப் 4 தேர்வில் மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம். கேள்விகளில் சரிபாதி தமிழ். அந்தத் தமிழ்ப் பகுதியில் 40 சதவிகிதம், அதாவது 150-க்கு 60 எடுக்காவிட்டால், பொது அறிவில் எவ்வளவு வெளுத்து வாங்கியிருந்தாலும் அந்தப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். 2021 டிசம்பரில் வந்த அரசாணைக்குப் பிறகு இதுதான் நிலைமை. கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் என்று, பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு அரசு வேலைக்குள் நுழைய இருக்கும் பெரிய வாசல் இது. 2025 ஜூலை 12 அன்று நடந்த தேர்வில் 3,935 இடங்களுக்கு ஏறத்தாழ 14 லட்சம் பேர் விண்ணப்பித்திருந்தார்கள். தேர்வு முடிந்த கையோடு, ‘தமிழ்ப் பகுதிதான் கஷ்டம்’ என்ற புலம்பலும் கிளம்பியது.

இப்போதைய பாடத்திட்டப்படி இலக்கணத்துக்கு மட்டும் 25 கேள்விகள். தாய்மொழிதானே என்று பலர் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்கிறார்கள். அங்கேதான் சிக்கல். கேள்வி தயாரிப்பவர், பேச்சுத் தமிழில் பழகிய நம் காதைக் குறிவைத்தே வலை விரிக்கிறார். வாய்க்குள் சொல்லிப் பார்த்து, ‘சரியாகத்தான் கேட்கிறது’ என்று குறித்தால் மாட்டிக்கொள்வோம். ‘வல்லினம் மிகும் இடங்கள், மிகா இடங்கள்’ என்று இரண்டு பக்கப் பட்டியலை மனப்பாடம் செய்தவர்களுக்கும் தேர்வறையில் இரண்டு பட்டியலும் ஒன்றாகக் கலந்துவிடும். அதைவிட எளிய வழி, முதல் சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் என்ன உறவு என்று கேட்பது.

பணியாரத்தையே எடுத்துக்கொள்வோம். ‘சுட்ட’ என்பது முடியாத வினை. ஒரு பெயருக்காகக் காத்து நிற்கிறது. எனவே பெயரெச்சம், அதன் பின் வல்லினம் மிகாது. ‘சுட்ட பணியாரம்’தான் சரி. ‘சுடாத பணியாரம்’ எதிர்மறைப் பெயரெச்சம், அதற்கும் மிகாது. ஆனால், ‘சுடாத’வின் வால் உதிர்ந்து ‘சுடா’ என்று நின்றால் அது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அப்போது ‘சுடாப் பணியாரம்’ என்று ‘ப்’ வந்துவிடும். ஓர் எழுத்து போனால் ஓர் எழுத்து வரும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

‘சுடு பணியாரம்’? சுட்ட, சுடுகின்ற, சுடும் என்று மூன்று காலமும் பொருந்துவதால் வினைத்தொகை; மிகாது. ‘வெள்ளைப் பணியாரம்’ காலத்தைக் காட்டாது, நிறத்தைச் சொல்கிறது. பண்புத்தொகை, மிகும். இந்த இரண்டு தொகைகளில் குழப்பம் வந்தால் மூன்று காலத்தையும் போட்டுப் பாருங்கள். ஊறுகாய் என்பது ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று விரியும். செங்கல்லை எப்படி இழுத்தாலும் அப்படி விரியாது.

இனி ‘சுட்ட’வையும் ‘சுட’வையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டுமே ‘அ’ ஓசையில் முடிகின்றன. ஆனால், ‘சுட்ட பணியாரம்’ என்கிறோம். ‘சுடச் சொன்னார்’ என்கிறோம். முதலாவது பெயரை நோக்கிப் போகிறது, இரண்டாவது வினையை நோக்கிப் போகிறது. செய என்னும் வாய்பாட்டு வினையெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகும். பெயரெச்சமா வினையெச்சமா என்ற ஒரே ஒரு கேள்வி பல கேள்விகளைக் காப்பாற்றும்.

ஆச்சி பணியாரத்தைச் ‘சுட்டுத் தந்தார்’, அதிரசத்தைச் ‘செய்து தந்தார்’. இரண்டும் வினையெச்சம்தான், பிறகு ஏன் ஒன்றில் மட்டும் ‘த்’? ‘சுட்டு’வில் கடைசி எழுத்துக்கு முன்னால் நிற்பது ‘ட்’ என்ற வல்லினம். வன்தொடர்க் குற்றியலுகரம் என்பதால் மிகும். ‘செய்து’வில் நிற்பது ‘ய்’ என்ற இடையினம், மிகாது.

கொசுறாக ஒரு வேர்ச்சொல். ‘வெந்தது’ என்பதன் வேர்ச்சொல் ‘வெந்து’ அல்ல, ‘வே’. ‘கண்டான்’ என்பதற்கு ‘கண்’ என்று ஒரு விடை நிச்சயம் தரப்பட்டிருக்கும். தொடாதீர்கள், ‘காண்’தான் சரி.

வெற்றிலைக்கும் பாக்குக்கும் நடுவே

கல்யாண வீட்டில் கொடுப்பது வெற்றிலை பாக்கு. வெற்றிலையும் பாக்கும் என்று விரிகிறது, உம்மைத்தொகை, நடுவே ஒற்று கிடையாது. அதை வைக்கும் பெட்டியோ ‘வெற்றிலைப் பெட்டி’. வெற்றிலையை வைக்கும் பெட்டி என்று நடுவில் உருபும் பயனும் மறைந்திருக்கின்றன, ‘ப்’ மிகும். இரண்டையும் விற்கிற கடைக்குப் பெயர்ப்பலகை எழுத வேண்டும் என்றால் ‘வெற்றிலை பாக்குக் கடை’. முதல் இடைவெளியில் ஒற்று இல்லை, இரண்டாவதில் ‘க்’ உண்டு.

பெயர்ப்பலகை என்றதும் நினைவுக்கு வருகிறது. செட்டிநாட்டுக் கடைவீதிகளே நல்ல மாதிரித் தேர்வு! ‘செட்டிநாட்டு சமையல்’ என்று போர்டு இருந்தால், விட்டுப்போன ‘ச்’சை மனதுக்குள் போட்டுக்கொள்ளுங்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிக்கும் அப்படித்தான். கண்டாங்கி சிறப்புப் பெயர், சேலை பொதுப்பெயர். மல்லிகைப்பூவைப் போல இருபெயரொட்டுப் பண்புத்தொகை என்பதால் ‘கண்டாங்கிச் சேலை’. ஏன், ஊர்ப் பெயரையே பிரித்தெழுதச் சொன்னால்? காரை + குடி. ‘காரைக் + குடி’ என்றொரு விடை பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். சேரும்போது பிறந்த ‘க்’, பிரிக்கும்போது போய்விட வேண்டும்.

இது ஒன்றும் இலக்கணம் தெரியாத ஊர் அல்ல. 1939-ல் சா.கணேசன் கம்பன் கழகம் கண்ட ஊர், தமிழ்த்தாய்க்குக் கோயில் உள்ள ஊர். அழகப்பா கல்லூரியில் வ.சுப.மாணிக்கனார் தமிழ் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இதே மாவட்டத்து நெற்குப்பையில் பிறந்த தமிழண்ணல், நம் பிழைகளைத் திருத்தவே ‘உங்கள் தமிழைத் தெரிந்துகொள்ளுங்கள்’ என்ற புத்தகத்தை எழுதினார். தமிழறிஞர்களும் பாடத்திட்டத்தில் இருப்பதால், இந்தப் பெயர்களையும் குறித்துக்கொள்வது நல்லது.

தூண்கள் நிற்குதா, நிற்கின்றனவா?

பேச்சில் ‘மாடுங்க வந்துச்சு’ என்போம். எழுத்தில் ‘மாடுகள் வந்தன’. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தேர்வில் இவ்வளவு எளிதாகக் கேட்க மாட்டார்கள். ‘ஆத்தங்குடிக் கற்களின் அழகு கண்ணைக் கவர்கின்றன’ என்று கொடுப்பார்கள். ‘கற்கள்’ காதில் ஒலித்துக்கொண்டே இருப்பதால் ‘கவர்கின்றன’ சரிபோலத் தோன்றும். எது கவர்கிறது? அழகு. அது ஒருமை, ‘கவர்கிறது’ என்பதே சரி. ‘தூண்கள் ஒவ்வொன்றும் பர்மாத் தேக்கால் ஆனது’ என்பதிலும் எழுவாய் ‘ஒவ்வொன்றும்’தான்.

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்.ஏ.டி தேர்வின் ஆங்கிலத்திலும் இதே பொறி உண்டு. ஒருமை எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே ஒரு பன்மைச் சொல்லைச் செருகிவிடுவார்கள். தப்பிக்கும் வழியும் ஒன்றுதான். வினைமுற்றைப் பிடித்துக்கொண்டு, ‘யார்? எது?’ என்று கேட்க வேண்டும். நடுவில் இருப்பதை விரலால் மறைத்துவிட்டுப் படித்தால் இன்னும் சுலபம்.

ஒரு, ஓர் விஷயத்தில் பெரும்பாலும் யானைதான் ஆளைக் கவிழ்க்கும். உயிரெழுத்துக்கு முன் மட்டுமே ‘ஓர்’. ஓர் ஆச்சி, ஓர் ஊர். ‘யா’ உயிர்மெய் என்பதால் ஒரு யானை.

‘பிழையற்ற தொடரைத் தேர்க’ என்று நான்கு நீளமான தொடர்கள் வந்தால், முதல் தொடரை முழுதாக ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். நான்கும் எந்த இடத்தில் வேறுபடுகின்றன என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் ஓர் ஒற்றோ, ஒரு விகுதியோதான் மாறியிருக்கும். அங்கே மட்டும் மூளையைச் செலவழித்தால் போதும்.

பத்திரிகைகளும் பதிப்பகங்களும் சில இடங்களில் ஒற்றைக் குறைத்து எழுதுவது நடைமுறைதான். அது சரியா, தவறா என்று தமிழாசிரியர்கள் விவாதித்துக்கொள்ளட்டும். தேர்வு எழுதுகிறவர், ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையான பள்ளித் தமிழ்ப் புத்தகங்கள் என்ன சொல்கின்றனவோ அதையே பிடித்துக்கொள்வது பாதுகாப்பு. பயிற்சி மையத்துக்குக் கட்ட பணம் இல்லாதவர்களுக்காக, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் இலவசமாக வகுப்பு நடத்துகின்றன.

200 கேள்விகளுக்கு 180 நிமிடங்கள் என்பதால் ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது. அரை நிமிடத்தில் பிடிபடாத இலக்கணக் கேள்வியைச் சுழித்துவைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. திரும்பி வரும்போது, தவறு என்று உறுதியாகத் தெரிகிற இரண்டை நீக்கிவிட்டு, மீதியில் ஒன்றைக் குறியுங்கள். ஐந்தாவதாக இருக்கும் ‘விடை தெரியவில்லை’ வட்டத்தால் மதிப்பெண் எதுவும் கிடைக்காது. ஆனால், எந்த வட்டத்தையும் நிரப்பாமல் வெறுமையாக விடவும் கூடாது.