22 இஞ்ச் ஓட்டையில் இறங்கிய அதிகாரி... 65 பேர் உயிரோடு மேலே வந்த கதை!

கோவை: நம்ம வீட்டுக்குப் போடுற போர்வெல் ஆறரை இஞ்ச். அதுக்குள்ள ஒரு சொம்பு விழுந்தாலே எடுக்கிறது கஷ்டம். அதைப்போல மூணு மடங்கு அகலத்தில், 22 இஞ்ச்சில் ஒரு ஓட்டை போட்டு, அதுக்குள்ள ஒரு ஆளை இறக்கி, தண்ணீர் சூழ்ந்த சுரங்கத்திலிருந்து 65 தொழிலாளிகளை ஒவ்வொருத்தராகத் தூக்கினார்கள் என்றால் நம்ப முடிகிறதா?

நடந்தது 1989ல். இறங்கிய ஆள் கூலித் தொழிலாளி அல்ல, அரசு நிலக்கரி நிறுவனத்தின் பெரிய அதிகாரி. பெயர் ஜஸ்வந்த் சிங் கில். பஞ்சாப் மாநிலம் அமிர்தசரஸ் பக்கத்து ஆள். தன்பாத் சுரங்கவியல் கல்லூரியில் படித்தவர். 2019 நவம்பர் 26ம் தேதி காலமானார். ஆனால் நிலக்கரி பூமியில் இன்றைக்கும் 'கேப்சூல் கில்' என்றால் தெரியும்.

போர் வண்டிக்குப் பேர் போன திருச்செங்கோடு இருக்கிற நம்ம பக்கத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

தண்ணீர் எப்படி வந்தது?

மேற்கு வங்காளம் ராணிகஞ்ச்சில் மகாபீர் சுரங்கம். கோல் இந்தியாவின் துணை நிறுவனமான ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸுக்குச் சொந்தமானது.

நம்ம நெய்வேலியில் மண்ணை மேலிருந்து அகற்றிவிட்டு பழுப்பு நிலக்கரியை எடுக்கிறார்கள். எல்லாமே திறந்தவெளி. ராணிகஞ்ச் அப்படி அல்ல. பூமிக்குள்ளே போய், கூரை இடியாமல் இருக்க நடுவில் கரியையே தூண் தூணாக விட்டு, மிச்சத்தை வெட்டுவார்கள். வெட்டி முடித்த இடத்தை அப்படியே விட்டால் காலப்போக்கில் தண்ணீர் தேங்கும். வருஷக்கணக்கில் நின்றால் அது பூமிக்குள்ளே ஒரு ஏரி.

1989 நவம்பர் 13ம் தேதி, இரவு ஷிப்டில் சுமார் 220 பேர் உள்ளே இருந்தார்கள். வெடி வைத்துக் கரி எடுத்தபோது, தண்ணீர் நின்ற பழைய பகுதியை அடைத்திருந்த சுவர் உடைந்தது. வெள்ளம் பாய்ந்து வந்தது. லிப்ட் பக்கத்தில் இருந்தவர்கள் தப்பி மேலே வந்துவிட்டார்கள். 71 பேர் மாட்டிக்கொண்டார்கள். அதில் 6 பேர் தண்ணீரில் போய்விட்டார்கள். மிச்சம் 65 பேர், தண்ணீர் ஏறாத ஒரு மேட்டுப் பகுதியில் ஒதுங்கி நின்றார்கள்.

ஓட்டையும் கூண்டும்

தண்ணீரை இறைத்து வெளியேற்ற நாளாகும். அதுவரை உள்ளே காற்று தாங்குமா என்பது சந்தேகம். மேலே குடும்பங்கள் அழுதுகொண்டு நிற்கின்றன.

முதலில் சின்ன ஓட்டை போட்டு உள்ளே இருப்பவர்களுக்குச் சாப்பாடு, தண்ணீர் அனுப்பினார்கள். அப்போது கில் சொன்ன யோசனைதான் இது. இன்னொரு ஓட்டையைப் பெரிதாகப் போடலாம், ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இரும்புக் கூண்டு செய்து, கம்பி வடத்தில் கட்டி இறக்கலாம் என்றார். கூண்டை அங்கேயே ஒரு பட்டறையில் அடித்துத் தயார் செய்தார்கள்.

இது புது யோசனை அல்ல. ஜெர்மனியில் 1955ல் இப்படி ஒரு கூண்டில் சுரங்கத் தொழிலாளிகளைத் தூக்கியிருக்கிறார்கள். ஆனால் இந்தியாவில் அதுவரை யாரும் செய்ததில்லை.

கூண்டு தயார். யார் இறங்குவது? கம்பி அறுந்தாலும் போச்சு, ஓட்டை சரிந்தாலும் போச்சு. கீழே 65 பேர் பதற்றத்தில் இருக்கிறார்கள். முறைப்படுத்த ஆள் இல்லாவிட்டால் முதல் கூண்டுக்கே அடிதடி ஆகிவிடும்.

'நான் போகிறேன்' என்றார் கில். மேலதிகாரிகள் தயங்கினார்கள். அவர் கேட்கவில்லை.

நவம்பர் 16ம் தேதி விடியும் முன் இறங்கினார். அடிபட்டவர்கள், காய்ச்சலில் கிடந்தவர்களை முதலில் ஏற்றினார். ஒரு தடவைக்கு ஒரு ஆள். இப்படி 65 தடவை. பல மணி நேரம் கீழேயே இருந்து அத்தனை பேரையும் அனுப்பிவிட்டுத்தான் மேலே வந்தார்.

1991ல் அவருக்கு சர்வோத்தம் ஜீவன் ரக்ஷா பதக்கம் கிடைத்தது. அடுத்தவர் உயிரைக் காப்பாற்றியதற்கு நாட்டில் தரப்படும் உயர்ந்த பதக்கம் அது. அப்போது ஜனாதிபதி நம்ம தமிழ்நாட்டுக்காரர் ஆர்.வெங்கட்ராமன். நவம்பர் 16ம் தேதியை கோல் இந்தியா மீட்பு நாளாக அனுசரிக்கிறது. 2023ல் அக்ஷய் குமார் நடித்து 'மிஷன் ராணிகஞ்ச்' என்று இந்திப் படமும் வந்தது.

படம் சொல்லாத பாதி

கைதட்டிவிட்டு எழுந்து போனால் பாதிக் கதைதான் தெரியும். தண்ணீர் அதோடு நிற்கவில்லை.

கில்லுக்கு முன்பே, 1975ல் சாஸ்நாலா சுரங்கத்தில் இதே மாதிரி வெள்ளம் புகுந்து 370க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கில்லுக்குப் பிறகு 1995ல் கஜ்லிடாண்டில் 64 பேர், 2001ல் பாக்டிகியில் 29 பேர். 2018 டிசம்பரில் மேகாலயாவில் எலிவளைச் சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து சுமார் 15 பேர் சிக்கினார்கள். அவர்களை உயிரோடு எடுக்க முடியவில்லை.

ஏன்? ராணிகஞ்ச்சில் 65 பேர் நின்ற மேடு மாதிரி எல்லா இடத்திலும் அமையாது. ஆள் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால்தான் மேலிருந்து ஓட்டை போட முடியும். அதற்குச் சரியான வரைபடம் வேண்டும். மேகாலயாவில் திருட்டுத்தனமாகத் தோண்டிய குழிக்கு வரைபடம் ஏது?

சட்டம் இல்லாமல் இல்லை. தண்ணீர் நிற்கிற பழைய வேலையிடத்துக்கு 60 மீட்டருக்குள் போவதானால் சுரங்கப் பாதுகாப்புத் துறையின் அனுமதி வேண்டும். முன்னாடி துளை போட்டுப் பார்த்துப் பார்த்துத்தான் நகர வேண்டும். அதை ஒழுங்காகச் செய்தால் கூண்டுக்கே வேலை இருக்காது.

நமக்கு என்ன பாடம்?

2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் மூடாத போர்வெல்லில் ஒரு பிஞ்சுக் குழந்தை விழுந்ததை யாரும் மறக்கவில்லை. பக்கத்தில் குழி தோண்ட ரிக் வண்டிகள் வந்தன. பாறை கெட்டி. நாலு நாள் போராடியும் காப்பாற்ற முடியவில்லை. அது நடந்த மறுமாதம்தான் கில் காலமானார்.

அந்த ஓட்டைக்கு ஒரு மூடி போட்டிருந்தால் போதும்.

கிணறு வெட்டுகிறவர், கல்குவாரியில் வெடி வைக்கிறவர், சாயப்பட்டறைத் தொட்டியில் இறங்குகிறவர்... நம்ம பக்கத்தில் தினமும் யாரோ ஒருத்தர் கீழே இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார். இறங்கச் சொல்கிறவர் மேலே நிற்கிறார். கில் விட்டுப்போன பெரிய சொத்து அந்த இரும்புக் கூண்டு அல்ல. இறங்கச் சொல்கிற இடத்தில் இருந்த ஆள், தானே இறங்கினார் என்பதுதான்.

முதலாளி, மேஸ்திரி, சூப்பர்வைசர் யாராக இருந்தாலும் சரி. 'நான் இதில் இறங்குவேனா?' என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு ஆளை இறக்குங்க. மாட்டேன் என்று மனசு சொன்னால், அங்கே யாரையும் இறக்காதீங்க!