நகரசபையும் நித்திய அலுவலும்

நகரசபைக் கூட்டம் என்றால் நம்மவர்களுக்குக் கொட்டாவி வருகிறது. சட்டசபையில் மந்திரி ஒருவர் கோபித்துப் பேசினால் மறுநாள் காப்பி ஹோட்டல்தோறும் அதே பேச்சு. நகரசபையில் ஒரே நாளில் எண்பது தீர்மானங்கள் நிறைவேறினாலோ, அவற்றில் ஒன்றையேனும் படித்தவர் தெருவுக்கு ஒருவர் அகப்படமாட்டார். சாக்கடை, குப்பை, தெரு விளக்கு, மயானம், கொசு, பள்ளிக்கூடத்து ஓடு ஆகிய இவையெல்லாம் அரசியலில் ஈடுபட்டோர் கவனிக்கத் தக்க விஷயங்களா என்ற எண்ணம் தேச ஊழியர்களிடத்திலும் வேரூன்றி இருக்கிறது. இந்த எண்ணத்தால் ஜனங்களுக்குப் பெருங்கேடு விளைகிறது என்பது நமது அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களை இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

1920-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 16-ந் தேதி சென்னைக் கார்ப்பரேஷன் ஒரு தீர்மானத்தை அங்கீகரித்தது. ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பகலில் சிற்றுண்டி அளிப்பது. பிள்ளை ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் செலவு செய்வது. இவ்வளவுதான் விஷயம். அப்போது சபையின் தலைவராக இருந்தவர் ஸர் பிட்டி தியாகராய செட்டியார். அவர் ஜஸ்டிஸ் கட்சியின் தலைவர். தேசியவாதிகள் அக்கட்சியோடு நெடுநாள் போர் நடத்தியவர்கள். ஆயினும் நல்லதை நல்லது என்று சொல்வதற்குக் கட்சி குறுக்கே நிற்கலாகாது. அன்று நகரத்தில் எத்தனை பேர் அந்தத் தீர்மானத்தைப் பொருட்படுத்தியிருப்பார்கள்? கணக்குப் புத்தகத்தில் ஒரு புதிய செலவு என்றே பலருக்கும் தோன்றியிருக்கும். ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இதற்குப் பணம் எடுக்கலாகாது என்று சர்க்கார் ஆட்சேபித்ததால் 1925-ல் அந்தச் சிற்றுண்டி நின்றதும் உண்டு. பின்பு அது மீண்டும் உயிர் பெற்றது. 1956-ல் ஸ்ரீ காமராஜ் மதிய உணவைச் சென்னை ராஜ்யம் முழுவதற்கும் விரித்தார். 1982-ல் ஸ்ரீ எம். ஜி. ராமச்சந்திரன் அதைச் சத்துணவாக வளர்த்தார். நாடெங்கும் சர்க்கார் பள்ளிகளில் சமைத்த உணவு கொடுக்க வேண்டுமென்று 2001-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் காலைச் சிற்றுண்டியும் தொடங்கிற்று. இத்தனை பெரிய ஆலமரத்தின் விதை எங்கே கிடந்தது? ஒரு நகரசபையின் அலுவல் பட்டியலில், ஓரணாச் செலவாகக் கிடந்தது.

சுதந்திரப் போராட்டத்தை நடத்திய பெரியோர்கள் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள். ராஜாஜி 1917-ல் சேலம் முனிசிபல் சேர்மன் ஆனார். அதே காலத்தில் ஈரோட்டு முனிசிபல் சேர்மனாக இருந்தவர் ஸ்ரீ ஈ. வெ. ராமசாமி. பண்டித ஜவஹர்லால் நேரு 1923-ல் அலகாபாத்திலும், ஸர்தார் வல்லபபாய் படேலும் பாபு ராஜேந்திர பிரசாதும் 1924-ல் முறையே ஆமதாபாத்திலும் பாட்னாவிலும் நகரசபைத் தலைவர்களாயினர். அதே 1924-ல் தேசபந்து தாஸ் கல்கத்தாவின் முதல் மேயரானார். அவருக்குக் கீழே பிரதம நிர்வாக அதிகாரியாக அமர்ந்த சுபாஷ் சந்திர போஸுக்கு அப்போது வயது 27. சாம்ராஜ்யத்தை எதிர்த்து நின்ற இவர்கள் குழாய்க்கும் குப்பைக்கும் பொழுதைச் செலவிட்டது வேறு வேலை இல்லாமலா? சாக்கடையைச் சரிவர நடத்தத் தெரியாதவனிடம் ராஜ்யத்தைக் கொடுக்க யார் துணிவார் என்ற கேள்விக்கு அவர்கள் காரியத்தால் பதில் சொன்னார்கள்.

சென்னை வாசிகளுக்கு வெகு தூரம் போக வேண்டியதில்லை. ஸ்ரீ எஸ். சத்தியமூர்த்தி 1939-ல் சென்னை மேயரானார். டில்லி மத்திய சட்டசபையில் கேள்விமேல் கேள்வி கேட்டு சர்க்காரைத் திணற அடித்த அதே மனிதர், மேயர் நாற்காலியில் அமர்ந்ததும் குடிதண்ணீர்ப் பஞ்சத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். பூண்டி நீர்த்தேக்கத்துக்கு 1940-ல் அஸ்திவாரம் இடப்பட்டது. 1944-ல் வேலை முடிந்தது. 1943-ல் காலமான சத்தியமூர்த்தி அந்தத் தண்ணீரைப் பார்க்கவில்லை. நகரம் அதைக் குடித்தது. அவருடைய பெயரே அந்த ஏரிக்கு வழங்குகிறது.

இனி, நகரசபையின் நித்திய அலுவல் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். 2011 முதல் சென்னை மாநகராட்சிக்கு 200 வட்டங்கள். வட்டத்துக்கு ஒரு கவுன்ஸிலர். மன்றம் மாதந்தோறும் கூடுவது வழக்கம். முதலில் கேள்வி நேரம், அடுத்து அவசர விஷயங்களைக் கிளப்பும் நேரமில்லா நேரம், கடைசியில் தீர்மானங்கள். கணக்கு, வரி விதிப்பு, பணிகள், கல்வி, சுகாதாரம், நகரமைப்பு என்று நிலைக்குழுக்களும் உண்டு. எல்லோரும் சேர்ந்து ஆராய முடியாததைச் சிலர் உட்கார்ந்து ஆராய்வதற்காக ஏற்பட்டவை அவை. கமிஷனர் காரியத்தை நடத்துகிறார். மன்றம் அனுமதி கொடுக்கிறது, கணக்குக் கேட்கிறது. ஏற்பாட்டில் குறை ஒன்றும் இல்லை. அஜெண்டாவைப் படிப்பவர் உண்டா என்பதுதான் கேள்வி.

நாமே கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். ஊரின் பெயர் வேண்டாம். எந்த ஊருக்கும் பொருந்தும். தெரு ஒன்றில் ரோடு போட்டார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தாரைக் கொட்டினார்கள். அதற்கு முன்னும் இரண்டு தடவை அப்படியே நடந்திருந்தது. ரோடு உயர்ந்தது, வீடுகள் பள்ளத்தில் இறங்கின. ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் நடைவாசல் தாண்டிக் கூடத்துக்குள் வந்தது. அத்தெருவில் வசித்த ஒரு விதவைத் தாயார் அரிசி மூட்டையைக் கட்டிலின்மேல் ஏற்றி வைத்துக்கொண்டு இரண்டு இரவு தூங்காமல் உட்கார்ந்திருந்தார். தெருவார் நம்மிடம் வழக்குக்கு வந்தார்கள். நகரசபைத் தஸ்தாவேஜுகளைப் புரட்டிப் பார்த்தோம். அஜெண்டாவில் ஒரே வரி: இன்ன தெருவுக்குச் சாலை மேம்பாடு, இன்ன தொகை. அதனோடு சேர்ந்த மதிப்பீட்டில் பழைய பரப்பை அகற்றும் வேலைக்கு இனமே இல்லை. கூட்டத்தில் அந்த வரி மற்ற வரிகளோடு சேர்த்து வாசிக்கப்பட்டது, மேஜையைத் தட்டினார்கள், நிறைவேறிற்று. அவ்வட்டத்துக் கவுன்ஸிலரும் அன்று சபையில் இருந்தார், கையெழுத்து இருக்கிறது. "பழைய தாரை எடுப்பீர்களா, மாட்டீர்களா?" என்று அவர் ஒரு வாக்கியம் கேட்டிருந்தால் போதும். கோர்ட்டுக்கு வந்து வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய அவசியம் அத்தெருவாருக்கு நேர்ந்திராது.

அவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. அந்த அஜெண்டாவைத் தெருவார் யாரேனும் முன்கூட்டிப் பார்த்தார்களா? அரசியல் ஊழியர்கள் பார்த்தார்களா? பத்திரிகைக்காரர்களாகிய நாம் பார்த்தோமா? இல்லை. தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகுதான் எல்லோருக்கும் நகரசபை நினைவுக்கு வந்தது.

கவுன்ஸிலர்கள் இப்படி இருந்தால் மன்றமே எதற்கு, அதிகாரிகளே ஆண்டுவிட்டுப் போகட்டுமே என்று சொல்வோரும் உண்டு. அந்த மருந்தையும் நாம் சாப்பிட்டுப் பார்த்தாகிவிட்டது. ஊழல் புகார்களைக் காரணம் காட்டி 1973-ல் சென்னை மன்றம் கலைக்கப்பட்டது. மறுபடி தேர்தல் நடந்தது 1996-ல். இடையில் கழிந்தவை 23 வருஷங்கள். மன்றம் கலைந்த மறுவருஷம், அதாவது 1974-ல், பெருநகர வளர்ச்சிக் குழுமம் சட்டபூர்வமான ஸ்தாபனமாயிற்று. நகரமைப்பு அதன் கைக்குப் போயிற்று. 1978-ல் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் தனி வாரியம் ஏற்பட்டது. இவ்வேற்பாடுகளின் நன்மை தீமைகளை இங்கே நாம் விசாரிக்கவில்லை. நகரத்தின் திட்டமும் தண்ணீரும் கைமாறிய காலத்தில், நகர ஜனங்களின் சார்பில் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்க ஒரு கவுன்ஸிலரும் இல்லை என்பதையே கவனிக்க வேண்டுகிறோம். சத்தியமூர்த்தி எந்தத் தண்ணீருக்காக மேயர் பதவியில் பாடுபட்டாரோ, அந்தத் தண்ணீரைப் பற்றிப் புகார் வந்தால் இன்றைய கவுன்ஸிலர் வேறோர் ஆபீஸுக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.

அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் 1993 ஜூன் முதல் அமலில் இருக்கிறது. மன்றத்தின் ஆயுள் ஐந்து வருஷம்; அது முடியுமுன் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இந்த விதியைத் தட்டலாகாது என்று ஆமதாபாத் வழக்கொன்றில் 2006-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பும் அளித்தது. ஆனால் நடந்தது என்ன? 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு நகர மன்றங்களின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல்! நடுவே ஐந்து வருஷத்துக்கு மேல் சென்னையில் கமிஷனரே ஸ்பெஷல் ஆபீஸராகவும் இருந்தார். கமிஷனர் என்ற முறையில் அவரே பிரேரிப்பார். ஸ்பெஷல் ஆபீஸர் என்ற முறையில் அவரே அங்கீகரிப்பார். கேட்பதும் கொடுப்பதும் ஒரே கை. மும்பையிலும் 2022 மார்ச்சில் மன்றத்தின் காலம் முடிந்தபின் மூன்று வருஷத்துக்கு மேல் நிர்வாக அதிகாரியின் ஆட்சியே நடந்தது. ஆகவே இது ஒரு கட்சியின் குற்றமோ, ஒரு மாகாணத்தின் குற்றமோ அன்று. கேட்பாரற்ற இடத்தில் எந்த சர்க்காரும் இப்படித்தான் நடக்கும்.

இந்த ஐந்து வருஷத்தில் நாட்டில் பெரிய கிளர்ச்சி உண்டாயிற்றா? சட்டசபையை ஐந்து மாதம் கூட்டாமல் இருந்தால் நாம் சும்மா இருப்போமா? நகர மன்றம் ஐந்து வருஷம் இல்லாமலிருந்ததை மட்டும் எப்படிப் பொறுத்தோம்? மன்றம் இருந்தபோது அதன் அலுவலை நாம் கவனிக்கவில்லை. அதனால் அது இல்லாதபோது நமக்கு அதன் குறை தெரியவில்லை. வியாதியின் மூலம் இதுதான்.

அதே 74-வது திருத்தத்தின் கீழ் 18 காரியங்கள் கொண்ட ஓர் அட்டவணையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. நகரமைப்பு அதில் முதலாவது, குடிநீர் ஐந்தாவது. ஆனால் இக்காரியங்களை நகரசபைக்கு ராஜ்ய சட்டசபை கொடுக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. கொடுத்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. வக்கீல்களுக்கு இவ்விரண்டு சொற்களின் வித்தியாசம் தெரியும். 'கொடுக்கலாம்' என்பதைக் 'கொடுத்தோம்' என்று ஆக்கும் சக்தி ஜனங்களின் வற்புறுத்தலுக்கே உண்டு. கையில் இருக்கும் அதிகாரத்தையே கண்மூடித் தட்டிவிடும் சபைக்கு இன்னும் அதிகாரம் கொடுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது?

ஆகவே அரசியல் ஊழியர்களுக்கு நாம் கூறும் யோசனைகள் மூன்று. முதலாவது, உங்கள் ஊர் நகரசபையின் அஜெண்டாவைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் கையில் இருக்கிறது. உங்கள் தெருவைப் பற்றிய ஒரு வரியையாவது மதிப்பீட்டோடு ஒத்துப் பாருங்கள். இரண்டாவது, வட்டக் குழுவுக்கும் பகுதி சபைக்கும் 2022-ல் தமிழ்நாட்டில் விதிகள் ஏற்பட்டிருக்கின்றன. பகுதி சபை கூடும்போது போங்கள்; போகாதவன் பேச்சுக்கு மதிப்பில்லை. கூடவில்லையானால் ஏன் கூடவில்லை என்று எழுத்து மூலம் கேளுங்கள். மூன்றாவது, கவுன்ஸிலரைக் கலியாணத்துக்கும் கருமாதிக்கும் வந்தாரா என்று அளப்பதை விட்டு, வருஷத்தில் எத்தனை கேள்வி கேட்டார் என்று அளக்கத் தொடங்குங்கள். 2022-ல் கூடிய மன்றங்களின் ஆயுளுக்குச் சட்டம் வைத்த எல்லை 2027. அடுத்து வோட்டுக் கேட்டு வருகிறவர் எவராயினும், அவர் முன்னே இந்தக் கணக்கை வையுங்கள்.

சுயராஜ்யம் டில்லியிலிருந்து ரயிலேறி நம் ஊருக்கு வரும் சரக்கன்று. அது நம் தெரு முனையில் தொடங்கி மேலே போக வேண்டியது. ஆயிரம் விளக்குப் பிள்ளைகளின் பசியைக் கண்டு ஓரணா கேட்ட தீர்மானமும் அஜெண்டாவில் ஒரு வரிதான். விதவைத் தாயாரின் கூடத்துக்குள் தண்ணீரைக் கொண்டுவந்ததும் அஜெண்டாவில் ஒரு வரிதான். அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவில் எது வருகிறது என்று பார்க்க வேண்டியது நமது கடமை.